ஐயுற்றிருக்கும் நாட்கள்

நோயின்மை ஒரு நிலை. நோயுண்மை மற்றொரு நிலை. இவ்விரண்டற்கும் இடையே மூன்றாவதொரு நிலையும் உண்டு. உடம்பின்கண் ஒரு கட்டியோ, ஆறாப் புண்ணோ, காரணம் விளங்காக் குருதிப்போக்கோ தோன்றுகின்றது. அதனைக் கண்ட மருத்துவர், ‘இது புற்றுநோயாகவும் இருக்கலாம், அன்றாகவும் இருக்கலாம், விரைந்து பெரிய மருத்துவமனைக்குச் செல்க’ என்று சீட்டெழுதிக் கொடுக்கின்றார். அச்சீட்டைக் கையிற் பெற்ற நாள் தொட்டு, முடிவு இன்னதென்று ஒருவர் வாய்திறந்து கூறும் நாள்காறும் உள்ள காலமே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது. அக்காலத்தில் ஒருவர் நோயாளரும் அல்லர், நோயிலியும் அல்லர். மருந்துண்ண வழியில்லை, மருந்து வேண்டாவென்று வாளா இருக்கவும் வழியில்லை. அங்ஙனம் நிற்கும் உயிர்க்குச் சைவ சித்தாந்தம் கூறத்தக்கது யாது? இவ்வினாவை மருத்துவர்க்கே உரியதென்று நம்மனோர் தள்ளிவிடுதல் ஆகாது. என்னையெனின், அந்நாட்களில் வருந்துவது உடம்பு அன்று. பெரும்பாலார்க்கு உடம்பில் அப்பொழுது வலியே இராது. வருந்துவது அறிவு.

தாம்பரத்திற்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் எனத் தொடரும் நிலையங்களைக் கடந்து, யாம் வாழும் மறைமலை நகர் உளது. இதற்குப் பெயர் தந்த அடிகள் பல்லாவரத்தில் வாழ்ந்து 1950இல் மறைந்தவர். துறவு பூண்ட பின்னும் உடம்பைப் பேணுதல் இழிவென்று எண்ணாது, ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ என்னும் நூலை 1933இல் வெளியிட்டவர். உடம்பைப் பற்றிப் பேசுதல் சித்தாந்த இதழுக்குத் தகாது என்பார் அந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக.

இந்நகரத்தார் ஒருவர் கையில் அத்தகைய சீட்டு வருமாயின் அவர் செல்லத்தக்க இடங்கள் சில உள. செங்கற்பட்டு அரசினர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அணித்தே உளது. காஞ்சிபுரத்தையடுத்த காரப்பேட்டையில், 1969இல் இந்நோயாலேயே இறந்த முதலமைச்சர் அண்ணாத்துரையின் பெயரால் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை உளது. கிண்டியில் வண்டி விட்டிறங்கிப் பேருந்தேறினால் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம். இன்னும் வடக்கே சென்றால் சென்னை அரசினர் பொது மருத்துவமனை. தனியார் மருத்துவமனைகளோ பெருஞ்சாலையின் இருமருங்கும் மலிந்துள. எங்குச் செல்லினும் முதல் நாளிற் பெறுவது விடையன்று, மற்றொரு நாட்குறிப்பே. பதிவுக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், சதைத் துணுக்கு எடுப்பதற்கு ஒரு நாள், அதன் முடிவுக்குப் ‘பத்து நாள் கழித்து வாருங்கள்’ என்னும் சொல். ‘விரைந்து’ என்று எழுதிய சீட்டு, மடித்து மடித்து மடிப்பிலே கிழிந்துபோகும் வரையில் கையிலேயே இருக்கின்றது.

இக்காலத்தாழ்வு எற்றுக்கு என்பதை முதற்கண் அறிதல் நன்று. அறியாமையால் வரும் சினமும் அச்சமும் பாதி அதனாலேயே தீரும். கட்டியினின்றும் ஊசியாலோ கத்தியாலோ எடுத்த துணுக்கைச் சோதித்தலைப் பயாப்சி என்று வழங்குவர். அத்துணுக்கு கெடாமைப் பொருட்டு ஃபார்மலின் என்னும் மருந்து நீரில் இடப்படும். மார்பகத் துணுக்காயின் 6 மணி நேரத்திற்குக் குறையாமலும் 72 மணி நேரத்திற்கு மிகாமலும் அது ஊறுதல் வேண்டும். குறையினும் மிகினும் பின்னர்ச் செய்யும் சோதனைகள் பொய்த்தல் கூடும். ஊறியபின் நீர்ப்பசையை நீக்கி, உருகிய மெழுகை ஊட்டி, மெழுகுக் கட்டியாக்கி, அதனை ஏடு ஏடாகச் சீவுவர். ஒரு மில்லிமீட்டரை 1,000 கூறு செய்தால் அவற்றுள் மூன்று நான்கு கூறே அவ்வேட்டின் கனம். அதனைக் கண்ணாடியில் ஏற்றி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமூட்டி, உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பயின்ற ஒருவர் நோக்குவர். எலும்பு கலந்த துணுக்காயின் அதன் சுண்ணச் சத்தைப் போக்கச் சின்னாள் மேலும் ஆகும். நோக்கியது தெளியாவிடின் வேறு சாயங்களை ஊட்டி மீண்டும் நோக்குவர். புற்றே என்று தெளிந்தவிடத்தும், எம்மருந்து அதற்கு இசையும் என்றறியத் தனிச் சோதனைகள் உள. அவற்றுக்கும் நாள் செல்லும்.

ஏட்டுச்சுவடி பரிசோதித்துப் பழகினார்க்கு இது விளங்காததன்று. செல்லரித்த ஓரேட்டில் ஒரு சொல் ஐயமாயவிடத்து, பதிப்பாசிரியன் தன் மனம்போன பாடத்தைத் துணிந்து எழுதான். வேறு பிரதி தேடுவான். அது வருமளவும் அவ்விடத்தைப் புள்ளியிட்டு வைப்பான். அப்புள்ளி சோம்பலின் அடையாளமன்று, நேர்மையின் அடையாளம்.

எனினும் எல்லாத் தாழ்வும் இவ்வகையின ஆகா. துணுக்கு ஊறுதற்கும் தெளிதற்கும் செல்லும் காலம் பொருளின் இயல்பால் வருவது. நோக்குதற்கு ஆளின்மையானும், பொறி பழுதுற்றமையானும், ஒருவர் மேசையிற் கிடந்த தாளை மற்றொருவர் மேசைக்கு எடுத்துச் செல்வார் இன்மையானும் செல்லும் காலம் மக்களால் வருவது. முன்னதைப் பொறுத்தல் அறிவு. பின்னதைப் பொறுத்தல் அறிவன்று; கேட்டல் வேண்டும், மீண்டும் கேட்டல் வேண்டும், பணிவோடும் விடாமலும் கேட்டல் வேண்டும். பொறையுடைமையை நாம் உயர்த்திக் கூறுங்கால் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றோம். அதனால் கேளாதிருந்து கெடுவார் பலர். ஏழையரும் பெண்டிருமே அவருள் மிகப் பலர்.

2020இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆராய்ச்சியொன்று, நோய் உறுதியானபின் அறுவை மருத்துவம் நான்கு கிழமை தாழ்க்குந்தோறும் இறப்பின் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 8 வரை மிகுகின்றது என்று பலவகைப் புற்றுகளை ஒருங்கு நோக்கிக் கூறிற்று. சில நாள் தாழ்வு பெரும்பாலான புற்றுகளிற் பெருங்கேடு செய்யாது. திங்கட் கணக்கிற் சென்றால் செய்யும். குருதிப் புற்றிற் சில வகைகளோ நாட்கணக்கும் பொறா. ஆதலின் காத்திருப்பார்க்குப் புதிதாகக் குருதிப் பெருக்கோ, மூச்சுத் திணறலோ, விழுங்க மாட்டாமையோ நேருமாயின், குறித்த நாள் வரட்டும் என்று இராது அன்றே செல்லல் வேண்டும். குறித்த நாள் என்பது வரம்பேயன்றி விலங்கு அன்று.

இங்கிலாந்து நாட்டில் இக்காத்திருப்பிற்கு ஓர் எண்ணே வகுத்துளர். ஐயுற்றுச் சீட்டெழுதிய நாளினின்றும் இரண்டு கிழமைக்குள் துறைமருத்துவர் நோயாளரைக் காணல் வேண்டும் என்பது முன்பிருந்த விதி. 2023 அக்டோபரில் அதனை மாற்றி, 28 நாட்களுக்குள் ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ நோயாளரிடம் சொல்லிவிடுதல் வேண்டும் என்று வகுத்தனர். இவ்விரண்டு விதிக்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. முன்னையது மருத்துவர் காணுதலோடு முடிந்தது. பின்னையது நோயாளர் அறிதலோடு முடிகின்றது. காணப்பட்டுவிட்டேம் என்பது ஆறுதலாகாது, அறிந்தேம் என்பதே ஆறுதல் என்னும் உண்மையை அவ்வரசினர் பட்டறிவாற் கண்டனர் போலும். அவ்விதியையும் அவர் எல்லார்க்கும் நிறைவேற்றினாரல்லர் என்பது வேறு. அங்கு இங்ஙனம் அனுப்பப்படுவாருள் பதின்மருக்கு ஒன்பதின்மருக்கு மேல் புற்றுநோயிலர் என்றே முடிகின்றது. அத்தொகையை நம் நாட்டிற்கு அப்படியே ஏற்றிக் கூறலாகாது. அங்குச் சிறு குறி கண்டவுடனே அனுப்புவர், இங்கோ குறி முற்றியபின் செல்வாரே மிகுதி. ஆயினும் சீட்டுப் பெற்றதே தீர்ப்புப் பெற்றது அன்று என்பதற்கு அது சான்றாம்.

இனி அளவை நூலின்வழி இந்நிலையை நோக்குவாம். காட்சியைப் பகுக்குங்கால் நம் ஆசிரியர், மெய்க்காட்சியின் வேறாக ஐயம், திரிவு என்னும் இரண்டைக் கூறினர். மயங்கொளியிற் சேய்மைக்கண் நிற்பது குற்றியோ மகனோ என்று ஒன்றிலும் துணியாது நிற்பது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுதல் திரிவு. இரண்டும் அளவையாகா என்று விலக்கினராயினும், இரண்டும் ஒருதன்மையன அல்ல. ஐயம் தன் அறியாமையைத் தான் அறிந்து நிற்பது. உண்மை வருமாயின் அதற்கு வாயில் திறந்து வைத்திருப்பது. திரிவோ வாயிலை அடைத்துத் தாழிட்டுவிட்டது. ஆயினும் உள்ளத்திற்கு ஐயத்தில் நிற்றல் பெருந்துன்பம். திரிவில் அமர்தல் எளிது. ஆதலின் அது நாடோறும், நாழிகைதோறும், ஐயத்தினின்று வழுக்கி ஏதேனும் ஒரு திரிவில் விழப் பார்க்கின்றது.

காத்திருப்பார்பால் அத்திரிவு இருதிறப்படும். ஒன்று அச்சத்தால் வருவது: ‘புற்றேதான்; நாள் எண்ணப்பட்டுவிட்டது’ என்று துணிந்து, உணவொழித்து, உறக்கமொழித்து, வீட்டுப் பத்திரங்களை எடுத்து வைத்து, மகளின் திருமணத்தை இத்திங்களே முடித்துவிட முயல்வது. மற்றொன்று ஆசையால் வருவது: ‘ஒன்றும் இராது, வெறும் கொழுப்புக் கட்டி, பக்கத்து வீட்டார்க்கும் இப்படித்தான் இருந்தது’ என்று துணிந்து, அடுத்த நாட்குறிப்பிற்குச் செல்லாமலே விடுவது. முன்னது கண்ணீரோடு வருதலின் அதனை எல்லாரும் திரிவென்று அறிந்து தேற்றுகின்றனர். பின்னது சிரித்த முகத்தோடு வருதலின் அதனைத் துணிவென்றும், சிலர் இறைநம்பிக்கை என்றும் பாராட்டுகின்றனர். இவ்வூர்களில் உயிரைக் கொள்வது பின்னதே என்பது எம் கருத்து. மூன்று கிழமையாகியும் ஆறாத வாய்ப்புண்ணுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு ஆறு திங்கள் இருப்பார் அச்சமிலார் அல்லர். அச்சத்தை நோக்க மாட்டாதார்.

மருத்துவரும் இத்திரிவிற்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்பதற்கு ஒரு சான்று கூறுவாம். தாம்பரத்தில் 1928இல் டேவிட் சௌரிமுத்து என்னும் மருத்துவர் காசநோயாளர்க்கு ஓர் ஆரோக்கிய நிலையம் நிறுவினர். அது பின்னர் அரசினர்பாற் சென்று நெஞ்சக நோய் மருத்துவமனையாயிற்று. ‘சானடோரியம்’ என்னும் நிலையப்பெயராக இன்றும் மக்கள் நாவில் உளது. நெஞ்சின் எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தோன்றின், அது காசமோ புற்றோ என்பது நம் நாட்டில் எழும் மெய்யான ‘குற்றியோ மகனோ’ ஐயம். இருமல், உடல்மெலிவு, சளியிற் குருதி என்னும் குறிகள் இரண்டற்கும் பொது. காசம் இங்கு மிகுதியாதலின், சளியிற் கிருமி காணாவிடத்தும் காசமென்றே துணிந்து சில திங்கள் மருந்தளித்துப் பார்த்துவிட்டுப் பின்னரே புற்றென்று கண்ட நோயாளர் பலருண்டு என்பதை மருத்துவரே எழுதியுளர். பழக்கமானதன்பால் அறிவு சாய்தலே இதற்குக் காரணம். ஐயத்தை ஐயமாகவே வைத்து மேற்சோதனை செய்வித்தவர் காத்த உயிர்கள் பல.

எம் திருமுறைக் கழகத்துக்கு வாரந்தோறும் வரும் அம்மையார் ஒருவர், கணவரை இழந்தவர், துணுக்கெடுத்து முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் எம்மை ஒரு வினா வினவினர். அதனை அவர் கூறியவாறே தருகின்றேம்: “ஐயா, தாங்கள் படித்தவர்கள், தவறாயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சதையை அறுத்து எடுத்தாகிவிட்டது. அதில் என்ன இருக்கிறதோ அது இப்போதே இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்படியிருக்க, ‘புற்றாயிருக்கக் கூடாது’ என்று நான் விளக்கேற்றி வேண்டுவது முறையா? முடிந்துபோனதை மாற்றச் சொல்லலாமா? மாற்றச் சொல்லக்கூடாது என்றால், பின் எதைத்தான் வேண்டுவது?”

நாற்பதாண்டு சித்தாந்தம் பயிற்றியும் இத்துணைக் கூர்மையான வினாவை யாம் வகுப்பில் எதிர்கொண்டதில்லை. வேண்டுதல் என்பது இனி வருவதைக் குறித்ததன்றோ? ஈண்டோ பொருள் நிகழ்ந்து முடிந்தது. அறிவு மட்டுமே வரவேண்டியது. வேண்டுதலையே விட்டுவிடின் அவ்வம்மையார்க்கு இரவைக் கழிக்கத் துணை யாதுளது?

அவர்க்கு உறவினர் சிலர் முன்னரே ஒரு விடை கூறியிருந்தனர். ‘எல்லாம் முன்வினை, வருவது வந்தே தீரும்’ என்பது அது. இவ்விடையை யாம் மறுக்கின்றேம். வினைக்கொள்கையை மறுக்கின்றேம் அல்லேம். அதனைக் கையாண்ட முறையை மறுக்கின்றேம். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்னும் மூன்றனுள், இப்பிறப்பில் நுகர்தற்கு வந்தது பிராரத்தம். அஃது இன்னதென்று நுகர்ந்த பின்னரே கருதி உணரப்படும். ஏதுவின்றி அனுமானம் இல்லை. முடிவு வருமுன் ‘நோயே இவள் வினை’ என்றல் புகையைக் காணாமலே நெருப்பைத் துணிதல் போலும். அன்றியும், நோய் வினையின்வழி வந்ததாயின், அந்நோயைக் கண்டறியும் கருவியும், தீர்க்கும் மருந்தும், கிண்டிக்கு அழைத்துச் செல்லும் மகனும் வினைக்குப் புறம்பாய் வந்தனவோ? துன்பத்தை மட்டும் ஊழின் கணக்கில் எழுதி, உதவியை எக்கணக்கிலும் எழுதாது விடுதல் நேரிய கணக்காகாது. கொங்குநாட்டில் அடியார் நளிர்சுரத்தால் வருந்தியகாலை, வினையின் பயன் இது என்று கூறி அமைந்திருத்தலைக் குறையென்றே கடிந்து, திருஞானசம்பந்தர் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினர் என்பதை நாம் ஓதுகின்றோம். ஓதிவிட்டு, நோயாளர் வீட்டு வாயிலில் அதற்கு மாறாகப் பேசுகின்றோம். வினை என்னும் சொல் தன்னை நோக்கித் தான் ஆராய்தற்கு உரியது. பிறர் முகத்தெதிரே, அவர் நடுங்கி நிற்கும்பொழுது, அதனைக் கூறுதல் கொள்கையாகாது, கொடுமையேயாம்.

ஆயின் அவ்வம்மையார் வினாவிற்கு விடை யாது? சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரத்தின் பொருளை நினைவுகூர்வாம். கண் தானே காணமாட்டாது; உயிர் அதற்குக் காட்டித் தானும் உடன்நின்று காண்கின்றது. அதுபோல உயிரும் தானே அறியமாட்டாது. முதல்வன் அதற்கு அறிவித்துத் தானும் உடன்நின்று அறிகின்றான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இவற்றை நம் உரையாசிரியர் விரிப்பர். வீட்டு நெறியைக் குறித்து எழுந்ததே அச்சூத்திரமெனினும், அவ்வுபகாரம் உயிரின் எல்லா அறிவிற்கும் பொதுவாதலை யாரும் மறுக்கார். இதனை அவ்வம்மையார் நிலையிற் பொருத்திக் காண்க. மெழுகிற் கிடக்கும் துணுக்கு இன்னதென்பது அவர்க்கு ஐயம், மருத்துவர்க்கும் ஐயம், ஐயமே இல்லாதான் ஒருவன் உளன். அவன் அறிவில் அது முன்னரே வெளிப்பட்டுக் கிடக்கின்றது. ஆதலின் அவனை நோக்கி, ‘உள்ளதை மாற்று’ என்று வேண்டுதல் பொருந்தாது. ‘காட்டுங்கால் உடன் நின்று காண்’ என்று வேண்டுதல் பொருந்தும். முன்னைய வேண்டுதலில் இறைவன் தாளின் முடிவை எழுதுபவனாகின்றான். பின்னையதில் அத்தாளைப் பிரிக்கும்பொழுது தோளருகே நிற்பவனாகின்றான்.

“அம்மா, வேண்டவேண்டியது அதுவே” என்று கூறினேம். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்து, “அப்படியானால் பயப்படலாமா, ஐயா?” என்றனர். பயப்படலாம் என்றேம்.

அவர்க்கு முடிவு 23ஆம் நாள் வந்தது. அஃது யாதென்று ஈண்டு எழுதேம். நல்லதாயின் வழிபாடு பலித்தது என்பர். தீயதாயின் பலிக்கவில்லை என்பர். இரண்டும் அவர் கேட்ட வினாவிற்கு விடையாகா.

பயப்படலாம் என்றதைச் சிலர் ஏற்கமாட்டார். அடியார்க்கு அச்சமேது, முறையீடேது என்பர். அவர் சுந்தரமூர்த்திகளை மறந்தனர் போலும். திருவொற்றியூர் எல்லை கடந்து கண்ணிழந்த அவர், திருவெண்பாக்கத்தில் இறைவனை நோக்கிக் கேட்டதும், அங்கு அவர்க்குக் கிடைத்தது கண்ணன்று, ஊன்றுகோலே என்பதும், காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பின்னர்ப் பெற்றதும் நாம் அறிந்தனவே. திருவெண்பாக்கத்திற்கும் காஞ்சிக்கும் இடைப்பட்ட வழியை நினைத்துப் பார்க்க வேண்டும். (பழந்திருக்கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துள் ஆழ்ந்தது, இன்று நாம் தொழுவது அதன் அருகே எடுத்த கோயிலை.) கண் வரும் என்ற உறுதி அவர்க்கு அவ்வழியில் இல்லை; கையிற் கோல் மட்டும் உண்டு. அவர் மகிழ்ந்து நடந்தாரல்லர். சினந்தும் இரங்கியும் வாய்விட்டு முறையிட்டுமே நடந்தனர். ஆயினும் நடந்தனர். அம்முறையீடுகளைத் திருமுறையென்று கோத்துப் பாதுகாத்த மரபினர், ஒரு நோயாளர் கதறுவாராயின் ‘பக்குவமில்லை’ என்றல் தகுமோ?

இனி, உற்றார் மறைத்தல் பற்றிச் சிறிது கூறவேண்டும். ‘அவரிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார்’ என்று மகன் மருத்துவரைத் தனியே கண்டு கேட்பது இப்பக்கத்து எல்லா மருத்துவமனையிலும் அன்றாட நிகழ்ச்சி. அன்பினால் செய்வதே அது. ஆனால் காத்திருக்கும் நாட்களில் மறைப்பு வேறொன்றையும் செய்கின்றது. வீட்டில் எல்லாரும் தாழ்குரலிற் பேச, தாம் நுழைந்தவுடன் பேச்சு நிற்க, தந்தையார் அவ்வமைதியைக் கொண்டே தாமாக ஒரு முடிவைக் கட்டிக்கொள்கின்றனர். அது பெரும்பாலும் உண்மையினும் கொடிதாயிருக்கும். உடம்பு எவரதோ ஐயமும் அவரதே. ‘இன்னது என்று தெரியவில்லை, இன்ன நாளில் தெரியும், அன்று நான் உடன் வருகின்றேன்’ என்னும் மூன்று சொற்றொடரும் பொய்யல்ல, கேட்பார்க்குத் தாங்கொணாதனவும் அல்ல. ஐயத்தைப் பகிர்தற்கு இதனினும் மிகுதியாக ஒன்றும் வேண்டா.

இவ்விடைக்காலத்தையே குறிவைத்து வாணிகம் செய்வாரும் உளர். கட்டி கரைக்கும் லேகியம் என்றும், இன்ன தோஷத்திற்கு இத்தனை ஆயிரத்திற் பரிகாரம் என்றும் கூறுவார்க்கு இந்நாட்களே அறுவடை. சித்த மருத்துவத்தின்பால் யாம் மதிப்புடையேம். ஆயினும் நோய் இன்னதென்று தெளியாமுன் மருந்து கொடுப்பார் எம்முறையினராயினும் அவர் தம் முறைக்கே மாறுபட்டவர் என்க.

திருமடத்தார்க்கும் சபையார்க்கும் கூறவேண்டிய தொன்றுண்டு. காத்திருத்தல் என்பது செயலற்றிருத்தல் என்று பொருள்படாது. சூலை நோயுற்ற மருணீக்கியார் தம் சமையற்காரனைத் திலகவதியாரிடம் போக்கி, அவன் மீளுமளவும் காத்திருந்தார். சமணர் இருக்கைக்கு யான் வாரேன் என்னும் விடை வந்தது. வந்தபின் அவர் அங்குக் கிடந்து புலம்பவில்லை. பாயையும் பீலியையும் குண்டிகையையும் விட்டு, இரவிலேயே எழுந்து திருவதிகைக்கு நடந்தார். நம் காலத்திற்கு வரின், 1886இற் புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையார் 1923இல் இந்நோயால் இறக்கக் கண்டார். அடையாற்று நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கியது 1954இல். இடைப்பட்ட 31 ஆண்டும் ஒருவகைக் காத்திருப்பே; ஆனால் அதனை அவர் பணம் திரட்டியும், மகனாரை இத்துறையிற் பயில்வித்தும், மறுத்தாரை மீண்டும் கண்டும் கழித்தனர்.

அப்பூதியடிகள் திங்களூரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தது, வழிநடப்பாருக்கு ஊரைக் கொணர்ந்து கொடுத்ததன்று. வழியில் ஒரு நிழலும் ஒரு குவளை நீரும் கொடுத்தது. புற்றுநோய் மருத்துவமனைகளின் வாயிலில் இன்று வேண்டப்படுவதும் அதுவே. மருத்துவமனை கட்டுதல் எல்லார்க்கும் இயலாது. விடியுமுன் வந்து வரிசையில் நிற்பார்க்கு அமரப் பாய், வெந்நீர், தாள்களை நாள்வாரியாக அடுக்கிக் கொடுக்கக் கையெழுத்தறிந்த ஒருவர், ‘முடிவு எந்நாள் வரும், யாரைக் கேட்பது, எந்த எண்ணிற் பேசுவது’ என்று அவர் பொருட்டுக் கேட்டு எழுதித் தரும் ஒருவர்: இவை பெரும்பொருள் வேண்டுவன அல்ல. மகேசுர பூசைக்கென்று வைக்கும் பொருளில் ஒரு பகுதி இதற்குச் செல்லின், அஃது அப்பூசையின் குறைவாகாது.

எம் கழகத்தில் இதற்கென நால்வர் பெயர் கொடுத்துளர். அவருள் இருவர் பெண்டிர். காலை 5 மணி அளவில் மறைமலை நகரில் வண்டியேறும் ஒருவரோடு உடன்சென்று மாலையில் உடன்மீளுவதே அவர் பணி. அறிவுரை கூறுதல் கூடாது என்பது அவர்க்கு யாம் இட்ட ஒரே விதி. வேலைக்குச் செல்வார்க்குக் கிழமை நாட்களில் விடுப்புக் கிடைப்பதில்லை. ஓய்வூதியம் பெறும் அன்பர்கள் இன்னும் சிலர் முன்வரின், செங்கற்பட்டுக்கும் காரப்பேட்டைக்கும் செல்வாரோடும் ஆள் அனுப்ப இயலும்.